அக்காவுக்குக் கொடுத்த நாலு பிளாஸ்திரி

1

முதலில் என் கிறுக்குத்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் எங்கள் ஊரில் சொல்வதற்கு ஆள் இருக்கிறது. ஐம்பத்து நாலு வயதில், நரைத்த மீசையோடு, கட்டிய மனைவியின் கைப்பையைத் திறந்து அவளுடைய மருந்தைத் திருடினேன். திருடியதைக் கூடப்பிறந்த அக்காவுக்குக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, ஏதோ பெரிய காரியம் செய்தவன் போலத் தோப்பில் நின்று இரண்டு இளநீர் வெட்டிக் குடித்தேன்.

பாசத்தால் செய்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் காரணம் பொறாமை. யாராவது ஒரு வெள்ளைக்காரன் மேல் பொறாமைப்பட்டிருந்தால்கூடக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும். நான் பொறாமைப்பட்டது தீப்பெட்டி அகலம்கூட இல்லாத ஒரு பிளாஸ்திரியின் மேல்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: பெயர் மயில்சாமி. பாலக்காட்டுக்குக் கிழக்கே, வேலந்தாவளம் செக்போஸ்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. இருபத்திரண்டு வருஷமாக வட இங்கிலாந்தில் ஒரு ஊரில் டவுன் பஸ் ஓட்டுகிறேன். மனைவி பேச்சியம்மாள், பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். இங்கே முதியோர் இல்லத்தில் வேலை. அவளுக்குத்தான் முதலில் வேலை கிடைத்தது. நான் அவள் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தவன். ஒரே மகள் மீரா, வேறு ஊரில் தங்கிப் படிக்கிறாள்.

ஊருக்குப் போய்த் திரும்பி ஒரு வாரமாகிறது. என் அக்கா தங்கமணியின் கர்ப்பப்பையிலிருந்து சோதனைக்கு எடுத்த சதையின் முடிவு இன்னும் வரவில்லை. புற்றுநோயா இல்லையா என்று அது சொல்லும். அதுவரை சும்மா இருக்க முடியாமல் இதை எழுதுகிறேன்.

2

பேச்சிக்கு நாற்பத்தொன்பதாவது வயதில் ஆரம்பித்தது. வெளியே பனி கொட்டும் ஜனவரியில் ஜன்னலைத் திறந்துவைத்து அதன் முன்னால் நிற்பாள். நான் கம்பளிக் குல்லாயும் கழுத்துத் துணியுமாக ரசஞ்சோறு சாப்பிட்டேன். அவளுக்குத் தூக்கம் போயிற்று. சாவியை ஃபிரிட்ஜில் வைத்தாள், பாலை அலமாரியில் வைத்தாள். வேலை செய்யும் இடத்தில் ஒரு கிழவர், "இன்றைக்குக் கஞ்சி நன்றாக இருக்கிறது" என்று சொன்னதற்கு வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் அழுதாள். என் மேல் எரிந்து விழுந்தாள். அதை மட்டும் நான் வியாதிக் கணக்கில் சேர்க்கவே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து உள்ளதுதானே என்று இருந்துவிட்டேன்.

என் வைத்தியம் வெந்தயம். காலையில் ஊறவைத்துக் கொடுப்பேன். அவள் வாங்கி, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே தொட்டியில் கொட்டுவாள்.

லீவுக்கு வந்த மீராதான் அரை நாளில் கண்டுபிடித்தாள். "அம்மாவுக்கு மெனோபாஸ். பஸ் நிறையப் பொம்பளைகளை ஏத்திட்டுப் போற, இதுகூடவா தெரியாது?" என்று அவளுடைய ஆங்கிலத்தில் கேட்டாள். ஆங்கிலத்தில் நீயும் நீங்களும் ஒன்றுதான். இங்கே பிள்ளை வளர்ப்பவர்களுக்கு அது ஒரு வசதி. எந்த அர்த்தத்தில் கேட்டாள் என்பதை நாமே நமக்குச் சாதகமாக முடிவு செய்துகொள்ளலாம்.

இங்கே டாக்டரைப் பார்ப்பது என்றால் காலை எட்டு மணிக்குப் போன் செய்ய வேண்டும். எட்டடிக்க ஒரு நிமிஷம் இருந்தால் "இன்னும் திறக்கவில்லை" என்று இயந்திரம் சொல்லும். எட்டு அடித்து ஒரு நிமிஷம் ஆனால் "நீங்கள் வரிசையில் பத்தொன்பதாவது" என்று சொல்லும். நடுவே இருக்கும் அந்த ஒரு கணத்தைப் பிடிக்க மூன்று வாரம் முயன்றோம். பிறகு ஒரு ஃபாரம் வந்தது. "உங்களுக்கு எத்தனை முறை வியர்க்கிறது?" என்று கேட்டிருந்தார்கள். மனைவிக்காக நான் நிரப்பும்போது, வேலந்தாவளத்துக்காரன் வழக்கப்படி, "மார்ச் முதல் மே வரை" என்று எழுதினேன். பேச்சி அதைப் பிடுங்கிக் கிழித்துவிட்டு இன்னொன்று வாங்கி வந்தாள்.

டாக்டரிடம் எப்போதும் நான்தான் பேசுவேன். பேச்சிக்கு என்னைவிட நல்ல ஆங்கிலம் வரும், அது வேறு விஷயம். பேசும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டு இருபது வருஷமாக விடாமல் வைத்திருந்தேன். அவளுக்குத் தோள் வலித்தால் சில நாள் முதுகு வலி என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத் தோளுக்கு வார்த்தை வரவில்லை என்றால் என்ன செய்ய? அந்த நாளும் கோட்டை மாட்டிக்கொண்டு கூடவே போனேன். கதவருகில் பேச்சி திரும்பினாள்.

"நீங்க வெளிய இருங்க."

"நான் இல்லாம எப்படிப் பேசுவே?"

"வாயாலதான்."

உள்ளே போனாள். பத்து நிமிஷம்தான் ஒதுக்கியிருந்தார்கள். இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. நடுவில் உள்ளேயிருந்து இரண்டு பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஒன்று அந்த டாக்டரம்மா. இன்னொன்று யாரென்று யோசித்தேன். என் மனைவியின் சிரிப்பு அது. கேட்டு நாளாகிவிட்டதால் அடையாளம் தெரியவில்லை.

3

வெளியே வரும்போது கையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி. ஹார்மோன் பிளாஸ்திரி. மாதவிலக்கு நின்ற பிறகு உடம்பில் குறைந்துபோகும் ஈஸ்ட்ரோஜெனைத் தோல் வழியாகக் கொஞ்சங் கொஞ்சமாக உள்ளே அனுப்பும். இடுப்புக்குக் கீழே ஒட்ட வேண்டும். ஞாயிறும் புதனும் பழையதை உரித்துப் புதிதை ஒட்ட வேண்டும். கர்ப்பப்பை இருப்பவர்கள் கூடவே இன்னொரு ஹார்மோன் மாத்திரையும் விழுங்க வேண்டும். இல்லாவிட்டால் உள்சுவர் தடித்துவிடும். பெட்டியோடு வந்த தாளை நான் அகராதி வைத்து இரண்டு பக்கமும் படித்து முடித்தேன். வீட்டில் அதை முழுதாகப் படித்தது நான் ஒருவன்தான். இந்தப் பெருமை பின்னால் என்ன பாடு படுத்தியது என்று சொல்கிறேன்.

சந்தோஷத்தில் பஸ் டெப்போவில், "என் மனைவி பிளாஸ்திரி போட ஆரம்பித்திருக்கிறாள்" என்று சொன்னேன். சிகரெட்டை விடுவதற்கு ஒட்டும் பிளாஸ்திரி என்று நினைத்து ஆளாளுக்குக் கையைக் குலுக்கினார்கள். "தினம் எத்தனை குடிப்பாங்க?" என்று ஒருவர் அனுதாபத்தோடு விசாரித்தார். விளக்கிச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, "நாற்பது" என்றேன். இன்றுவரை எங்கள் டெப்போவில் பேச்சி சங்கிலித் தொடராகப் புகைத்துத் திருந்திய பெண்மணி.

மூன்று மாதத்தில் ஆள் மாறிவிட்டாள். ஆறு மணி நேரம் அடித்துப்போட்ட மாதிரித் தூங்கினாள். ஜன்னல் மூடியது. சனிக்கிழமைகளில் கூட வேலை செய்யும் மூன்று பெண்களோடு நீச்சல் குளத்துக்குப் போனாள். பீர்மேட்டில் இருபத்திநாலு வருஷம் மழையில் நனைந்தே வளர்ந்தவள், நீச்சல் தெரியாதவள், ஐம்பது வயதில் பலகையைப் பிடித்துக்கொண்டு காலடித்தாள். வெங்காயம் நறுக்கும்போது பாடினாள். அந்தப் பாட்டுகளை நான் கேட்டதே இல்லை.

சந்தோஷம்தான். ஆனால் ஒரு ஓரத்தில் குடைந்தது. இருபத்தேழு வருஷமாக ஜோக்கடித்துப் பிழைக்கிறவன் நான். என்னால் வரவழைக்க முடியாத சிரிப்பை இந்த ஒட்டுத்துணி வரவழைத்துவிட்டதே என்று. தூக்கம் வராத நாட்களில் எழுப்பி, "சித்த நேரம் பேசிட்டு இருங்க" என்பாள். இப்போது எழுப்புவதில்லை. அந்தத் தொல்லை போனது எனக்குத் தொல்லையாக இருந்தது. இதை வெளியே சொன்னால் அடிப்பார்கள், அதனால் உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

மீராவும் அம்மாவும் போனில் மணிக்கணக்காகப் பேசினார்கள். நான் உள்ளே வந்தால் பேச்சு சமையலுக்குத் தாவும். என் மகளுக்குச் சமையலில் தெரிந்தது நூடுல்ஸ் ஒன்றுதான். அதைப் பற்றி எவ்வளவு நேரம் பேச முடியும்?

4

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு குமுளிக்குப் போனவன் நான், அங்கேயே ஜீப் ஓட்ட நின்றுவிட்டேன். குமுளி பீர்மேடு மலைப்பாதையில் ஜீப்பின் பின்சீட்டில் வந்தவள்தான் பேச்சி. கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனபோது அக்கா வாசலில் நின்று, "மலையேறிப் போயி தேயிலைக்காரியப் புடிச்சுட்டு வந்திருக்கறான்" என்றாள். அதோடு பேச்சியிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் தபால்காரன். ஒரே மொழி பேசும் இரண்டு பேருக்கு மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அக்கா போனில், "உன்ற பொண்டாட்டிக்குச் சோறாக்கவாச்சும் தெரியுதா?" என்பாள். நான் திரும்பி, "அக்கா உன் உடம்பை விசாரிக்குது" என்பேன். பேச்சி, "அவுகளுக்கு இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்" என்பாள். நான் போனில், "பேச்சி உன்னக் கும்பிட்டதாச் சொல்லச் சொன்னா" என்பேன். இரண்டு பக்கமும் நல்ல பெயர் எனக்கு. நான் இல்லாவிட்டால் இந்தக் குடும்பம் இரண்டாகப் பிளந்துவிடும் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், அது ஒட்டிவிடக் கூடாது என்று உள்ளூர ஒரு பயமும் இருந்தது.

5

இந்த முறை ஒரு மாத லீவில் போனோம். வெளிநாட்டுக்காரர்கள் ஊருக்குப் போனால் இரண்டாம் நாள் பெட்டி திறக்கும் வைபவம் உண்டு. சாக்லேட்டும் சோப்பும் பிள்ளைகளுக்கு. பெரியவர்களுக்கு மருந்து. தைலம், மூட்டுவலிக் களிம்பு, வைட்டமின் மாத்திரை, காய்ச்சல் மாத்திரை. அதே மாத்திரை கொழிஞ்சாம்பாறை மருந்துக்கடையிலும் கிடைக்கும், ஆனாலும் கப்பலேறி வந்ததற்கு ஒரு வீரியம் உண்டு என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நான் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, கேஸ் கேட்டு, விநியோகம் செய்வேன். "பெட்டி டாக்டர்" என்று பெயரே உண்டு.

இந்த முறை பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மச்சான், அதாவது அக்கா வீட்டுக்காரர், ஒரு தைலத்தை எடுத்து மோந்து பார்த்துவிட்டுத் தோப்புக்குப் போய்விட்டார். பெண்கள் ஒருவரும் வரவில்லை. எல்லாரும் எங்கே என்று பார்த்தால், கொல்லைப்பக்கம் மோட்டார் ரூம் நிழலில், பேச்சியைச் சுற்றி.

நடந்தது பிறகுதான் தெரிந்தது. முதல் நாள் சமையல்கட்டில் அக்கா ஈரத்துண்டைப் பிழிந்து கழுத்தில் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்க நின்றிருக்கிறாள். பேச்சி பார்த்திருக்கிறாள். "மதினி, உங்களுக்கும் இந்த வேக்காடு இருக்கா?" என்று கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான். இருபத்தைந்து வருஷத்துப் பகை அந்த ஒரு கேள்வியில் அடித்துக்கொண்டு போய்விட்டது. அக்கா அதுவரை அதை யாரிடமும் சொன்னதில்லையாம். அடுப்புச் சூடு என்றே சமாளித்து வந்தாளாம்.

அதன்பின் இரண்டு பேரையும் பிரிக்க முடியவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பெண்களும் வர ஆரம்பித்தார்கள். நான் மெதுவாக அந்தப் பக்கம் போவேன். பேச்சு சட்டென்று நிற்கும்.

"உனக்கென்றா வேல இங்க?" என்பாள் அக்கா.

"தண்ணி குடிக்க வந்தேன்."

"ஊட்டுக்குள்ள பானை இருக்குதல்ல?"

அக்கா அவளை "அம்மிணி" என்று கூப்பிட்டாள். சின்ன வயதில் எனக்கு மட்டும் "கண்ணு". அந்தக் கண்ணு இப்போது "உனக்கென்றா வேல"யாகிவிட்டது. என்னைத் தாண்டி இரண்டு பேரும் நேராகப் பேசிக்கொள்கிறார்கள், நான் இல்லாமலே சிரிக்கிறார்கள். தபால்காரனுக்கு வேலை போனது.

லீவின் கடைசி வாரம், திங்கட்கிழமை. சுவருக்கு இந்தப்பக்கம் மாட்டுக்குச் சோளத்தட்டு போடுகிற சாக்கில் நின்றேன். அக்காவின் குரல்.

"எனக்கும் ஒண்ணு ஒட்டி உடு அம்மிணி. ஒரு வாரமாச்சும் நிம்மதியாத் தூங்கறேன்."

"இல்ல மதினி. நான் தர மாட்டேன். டாக்டரம்மாவைப் பாக்காம ஒட்டவே கூடாது."

இவ்வளவுதான் கேட்டேன். மாடு மணியை ஆட்டியதில் மீதி கேட்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. கூடவே, வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஒரு குளிர்ச்சியும். ஆஹா, என் அக்கா கேட்டு இவள் இல்லை என்றுவிட்டாள். இப்போது தருகிறவன் யார்? பெட்டி டாக்டர்.

மத்தியானம் பேச்சி குளிக்கப் போனபோது அவள் பையைத் திறந்தேன். பெட்டியில் ஆறு இருந்தன. நாலை எடுத்தேன். கூட விழுங்க வேண்டிய மாத்திரையை எடுக்க மறந்தேன். இரண்டு பக்கமும் படித்தவனின் லட்சணம்.

அக்கா தோப்பில் மட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். கையில் திணித்தேன்.

"உன்ற பொண்டாட்டி வேண்டாம்னாளேடா?"

"அவளுக்கென்ன தெரியும்? தாள் முச்சூடும் படிச்சவன் நானு. இடுப்புக்குக் கீழ ஒட்டு. அவகிட்டச் சொல்லாத."

அக்கா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "நீ சொன்னாச் செரியாத்தான் இருக்கும் கண்ணு," என்று முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கண்ணு! அப்போதுதான் அந்த இளநீர்.

6

செவ்வாய்க்கிழமை பீர்மேட்டுக்குப் போனோம், பேச்சியின் தம்பி வீட்டுக்கு. எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் மூன்று நாள் தங்குவதாகத் திட்டம். புதன்கிழமை காலை, வெளியே மூடுபனி. பேச்சி பையைத் திறந்தாள், பெட்டியை எடுத்தாள், பார்த்தாள்.

"ஏங்க. இதுல நாலு குறையுதே."

"எண்ணுறப்ப தப்பியிருக்கும்."

"ஆறும் ரெண்டும் எனக்கு ஒண்ணாத் தெரியுமா? என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். பார்த்தால் என்னால் பொய் சொல்ல முடியாது, மீசை துடிக்கும். சொல்லிவிட்டேன். சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்தே சொன்னேன். "கேட்டுச்சு, குடுத்தேன். கூடப்பிறந்தவ. உன்ன மாதிரிப் பிசுநாறியா நான்?"

பேச்சி கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"மதினிக்கு நின்னு நாலு வருஷமாச்சு. ரெண்டு மாசமாத் திரும்ப ரத்தம் படுது. மச்சான்கிட்டயும் சொல்லல, ஆசுபத்திரிக்கும் போகல. என்கிட்டதான் முதல்ல சொல்லிருக்காக. நின்ன பெறகு ரத்தம் பட்டா என்ன ஏதுன்னு பாக்காம இதை ஒட்டவே கூடாது. அதுக்குத்தான் மாட்டேன்னேன். இங்கேருந்து போன உடனே கூட்டிட்டுப் போறதா இருந்தேன்."

அந்தத் தாளில் அது இருந்தது. எதற்கெல்லாம் பயன்படுத்தக் கூடாது என்ற பட்டியலில், காரணம் தெரியாத ரத்தப்போக்கு. எந்தப் பக்கம், எத்தனாவது வரி என்றுகூடச் சொல்வேன். அக்காவுக்கு ரத்தம் படுகிறது என்பதுதான் எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் என்னிடம் சொல்லியிருப்பாளா? மாட்டாள். எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை.

பேச்சி போன் போட்டாள். மூன்று முறை அடித்து நின்ற பிறகு எடுத்தாள் அக்கா.

"மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டிருந்தேன் அம்மிணி. என்ன?"

"மதினி, அவுக குடுத்ததை ஒட்டுனீகளா?"

"அன்னிக்கே ஒண்ணு ஒட்டிட்டேன். தம்பி படிச்சுப் பாத்துட்டுத்தானே குடுக்கறான்னு நெனச்சேன்."

"இப்பவே உரிச்சிருங்க மதினி. நாங்க கிளம்பி வாரோம்."

அக்கா என்னைத் திட்டவில்லை. என்னிடம் போனைக் கொடு என்றும் கேட்கவில்லை.

குமுளி, தேனி, பழனி, பொள்ளாச்சி என்று மூன்று நாலு பஸ் மாறினோம். பேச்சி பெண்கள் சீட்டில் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். நான் பின்னால் நின்று, டிரைவர்கள் கியர் போடுவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வளைவில் எதிரே வண்டி வருகிறதா என்று தெரியாமல் ஒருத்தனும் முந்திப் போகவில்லை. எனக்கு உறைத்தது. வேலை தெரிந்தவன் எவனும் என்னை மாதிரி செய்ய மாட்டான்.

7

மறுநாள் ஆசுபத்திரி. ஓ.பி. சீட்டு மலையாளத்தில். கவுண்டரில் இருந்த பெண், நோயாளிக்கு நான் யார் என்று கேட்டாள். "தம்பி" என்றேன். பேச்சி யார் என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "இவதான் என்ற ஆளு. இவளே உள்ள வருவா," என்றாள். என்னையும் மச்சானையும் பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னார்கள்.

மச்சான் சீட்டின் நகலைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தார்.

"ஏனுங் மாப்ள, உங்களுக்கு முன்னமே தெரியுமுங்களா?"

"இல்லீங்க மச்சான்."

"முப்பத்திமூணு வருசமா ஒரே ஊட்டுல இருக்கறனுங்க. மாட்டுக்குச் சளி புடிச்சாக்கூட எனக்குத் தெரிஞ்சுருதுங்க."

நான் ஜோக் எதுவும் தேடவில்லை. அந்தப் பெஞ்சில் இன்னும் நாலைந்து ஆண்கள் அதே மாதிரி சீட்டைச் சுருட்டிக்கொண்டு இருந்தார்கள்.

கதவு திறந்தது. பிளாஸ்திரி கொடுத்தவரை டாக்டரம்மா கூப்பிடுகிறார் என்றார்கள். உள்ளே போனேன். மேஜை மேல், அக்கா உரித்தது ஒன்றும் உரிக்காதது மூன்றும், கொலைக்கேஸ் சாட்சி மாதிரி.

"நிங்ஙள் டாக்டராணோ?" என்றார் மலையாளத்தில்.

"இல்லீங்க. பஸ் டிரைவர்."

"எந்நா பஸ் ஓடிச்சா மதி." அப்படியானால் பஸ் ஓட்டினால் போதும் என்று அர்த்தம். ஓரமாக நின்ற நர்ஸ் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை.

பிறகு டாக்டரம்மாவே தமிழுக்கு மாறி நிதானமாகச் சொன்னார். இரண்டு மூன்று நாள் ஒட்டியதால் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் இதை ஒட்டிக்கொண்டே இருந்திருந்தால், ரத்தம் பட்டாலும் மருந்தால்தான் படுகிறது என்று நினைத்து இந்த அம்மா ஆசுபத்திரி பக்கமே வந்திருக்க மாட்டார். உள்ளே ஏதாவது இருந்தால் அது பாட்டுக்கு வளர்ந்திருக்கும். ஸ்கேனில் உள்சுவர் தடித்துத் தெரிகிறது. சதை எடுத்து அனுப்ப வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாளாகும். மருந்து பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

நாங்கள் விமானம் ஏறும் நாளில் அக்கா வாசல்வரை வந்தாள். பேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.

8

மேலே உள்ளதை எழுதி வைத்து நாலு நாளாயிற்று. இன்று காலை ஷிப்ட். மத்தியானம் யூனிஃபாரத்தோடு வீட்டுக்குள் நுழைந்தால் பேச்சி அடுப்படியில் பாடிக்கொண்டிருந்தாள்.

"சீட்டு வந்துட்டு," என்றாள். "புத்துநோய் இல்லயாம். உள்ள சின்னதா ஒரு சதை வளந்திருக்காம். அதை எடுத்துட்டா ரத்தம் நின்னுருமாம். பெறகு வேக்காட்டுக்கு என்ன குடுக்கலாம்னு அந்த டாக்டரம்மாவே பாத்துச் சொல்லுதேன்னுட்டாக."

"எப்ப வந்துச்சு?"

"காலையில."

"எனக்கு ஏன் போன் பண்ணல?"

"பஸ் ஓட்டுதப்ப எடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீக."

அடுப்புப் பக்கத்தில் அவள் போன் முனகியது. மீராவின் குரல். பேச்சி, அக்கா, மீரா மூன்று பேரும் ஒரு வாட்ஸாப் குழு வைத்திருக்கிறார்களாம். எனக்கு இன்றுதான் தெரியும். வீட்டில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் என் மகள் அதில், "அத்தை, நெம்பச் சந்தோசமுங்க. வெசனப்படாதீங்க," என்று எங்கள் ஊர்த் தமிழில் பேசி அனுப்பியிருந்தாள். வெசனம் என்ற வார்த்தையை அவளுக்கு இருபது வருஷமாகக் கற்றுக்கொடுக்க முயன்று தோற்றவன் நான். முடிவு மீராவுக்கு எட்டு மணிக்கே தெரியும். எனக்கு இரண்டரைக்கு.

மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். தொப்பியைக் கழற்றி முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். நிம்மதியில் பாதி. மீதி என்னவென்று உங்களுக்கே தெரியும். பேச்சி ஒரு டம்ளர் தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, தலையில் ஒரு தடவை தட்டிவிட்டுப் போனாள்.

பிறகு அக்காவுக்கு ஒரு நீளமான செய்தி எழுதினேன். மருந்தைத் திருடியது, அதற்கு முன் சுவரோரம் நின்று கேட்டது, அவர்கள் இரண்டு பேரும் என்னை விட்டுவிட்டுச் சிரித்ததைப் பார்த்து வயிறெரிந்தது, இருபத்தைந்து வருஷமாகத் தபாலை மாற்றி மாற்றிக் கொடுத்தது, எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதினேன். மன்னிச்சுக்க அக்கா, இனிமேல் உடம்புக்கு எதுவென்றாலும் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லு என்று முடித்தேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. எழுதுகிறாள், நிறுத்துகிறாள், எழுதுகிறாள் என்று போன் காட்டிக்கொண்டே இருந்தது. தேத்தண்ணி ஆறிப்போன பிறகு பதில் வந்தது.

"பேச்சிகிட்டச் சொல்றேன், அவகிட்டக் கேட்டுக்க."